நாலு மில்லிமீட்டர் கூட்டிக்கொள்ளவும்

களஞ்சியத்தைத் திறந்துவைக்க ஒரு பொத்தான் வேண்டும் என்றார் இயக்குநர். ஆய்வுப் படங்களை யாரும் பார்க்கும்படி இணையத்தில் சேர்த்துவைக்கும் அந்தக் களஞ்சியம் கணினிக்குள் இருப்பது. அதற்குக் கதவு கிடையாது, பூட்டு கிடையாது, பொத்தானும் கிடையாது. ஆனால் வருகிற சிறப்பு விருந்தினர் எதையாவது அமுக்காமல் திரும்பிப் போக மாட்டார். ஆகவே ஆய்வுக்கூடத்தின் எந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் மெஷின் அண்ணன், கழித்துப் போட்ட கருவி ஒன்றிலிருந்து சிவப்புப் பொத்தானைப் பிடுங்கி, மரப்பெட்டியில் பதித்து மேடைக்குக் கொண்டுவந்தார். அதிலிருந்து கிளம்பிய கம்பி மேஜைத் துணிக்கு அடியில் போய் அங்கேயே நின்றுவிட்டது.

விருந்தினர் அமுக்கினார். திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஆய்வு மாணவி உப்பு, மடிக்கணினியில் ஒரு வீடியோவை ஓடவிட்டாள். நீலக் கோடு ஒன்று இடமிருந்து வலமாக நிறைந்தது. அரங்கம் கைதட்டியது. உண்மையான மூலப் படங்களை அவள் பதினோரு நாள் உட்கார்ந்து ஏற்றி முடித்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

"மூடிவைத்த தரவு செத்த தரவு!" என்றார் இயக்குநர். "எங்களிடம் ஒளிக்க ஒன்றுமில்லை. ஆறு வருடத்து மூலப் படங்கள், இருநூற்றுப் பதினோரு தொகுப்புகள். யார் வேண்டுமானாலும் எடுங்கள், சோதியுங்கள், எங்களைக் கேள்வி கேளுங்கள்!"

அவருக்கு ஆய்வுக்கூடத்தில் மைக் என்று பெயர். தூரத்தில் ஒலிவாங்கியைப் பார்த்தாலே தொண்டையைச் செருமிக்கொள்வார். உப்புக்கு உப்பு என்று பெயர் வந்ததும் இங்கேதான். ஆய்வு மாணவியாகச் சேர்ந்த புதிதில் மூன்று மாதம் பாடுபட்டு ஒரு புரதத்தின் படிகத்தை வளர்த்தாள்; எக்ஸ் கதிரில் காட்டிப் பார்த்தால் அது வெறும் உப்பு. இந்தத் தொழிலில் எல்லாருக்கும் நேர்வதுதான். ஆனால் எல்லாருக்கும் பெயர் ஒட்டிக்கொள்வதில்லை.

அவளுக்கு இன்னும் பதினேழு நாளில் வாய்மொழித் தேர்வு. அது முடிந்தால் பட்டம். பட்டத்தோடு முதல் தேதி வந்து சேரும்படி வேறொரு ஆய்வுக்கூடம் வேலைக்கு உத்தரவே அனுப்பிவிட்டது. ஆய்வேட்டை நான்கு பிரதி பைண்ட் செய்து, முதுகில் பொன் எழுத்தும் பொறித்தாயிற்று.

ஐந்தாம் நாள் கடிதம் வந்தது.

அவள் அறியாத ஓர் ஆராய்ச்சியாளர். இயக்குநரின் பேச்சை இணையத்தில் கேட்டிருக்கிறார். அதை நம்பியும் விட்டார். உப்புவின் ஆய்வேட்டுக்கு உயிர்நாடியான தொகுப்பைக் களஞ்சியத்திலிருந்து இறக்கித் தானே கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார். களஞ்சியத்தில் அந்தத் தொகுப்புக்குக் கீழேயே, உலகம் பார்க்கும்படி எழுதியிருந்தார்:

"உங்கள் படங்களின்படி இந்தப் படிக அறையின் பக்க அளவு 60.0. நீங்கள் பிரசுரித்தது 62.4. படங்களின் தலைப்பில் படிகத்துக்கும் தட்டுக்கும் இடையே தூரம் 100 மில்லிமீட்டர் என்று இருக்கிறது. உங்கள் கணக்குப் பதிவேட்டிலோ 104 என்று கையால் மாற்றப்பட்டிருக்கிறது. விளக்கம் தேவை."

வாய்மொழித் தேர்வை நடத்தப்போகும் தேர்வாளரின் பெயர் தேர்வு அறிவிப்பில் இருந்தது; நகல் அவருக்கும் போயிருந்தது.

கையால் மாற்றியது உண்மை. மாற்றியது உப்பு. அந்த ஆய்வுக்கூடத்தில் அப்படி மாற்றாதவர் ஒருவரும் கிடையாது.

படிகத்தின் மேல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சினால் எதிரே நிற்கும் தட்டில் புள்ளிகள் விழும். படிகத்துக்கும் தட்டுக்கும் உள்ள தூரம் சரியாகத் தெரிந்தால்தான் புள்ளிகளை வைத்துப் படிகத்தின் உள்ளளவை, அதாவது அது கட்டப்பட்டிருக்கும் ஒரே மாதிரியான அறைகளின் பக்க அளவை, சொல்ல முடியும். அந்தத் தூரத்தை எந்திரம் ஒவ்வொரு படத்தின் தலைப்பிலும் தானாகவே எழுதிவிடும். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு பழுது பார்த்தார்கள். தட்டைக் கழற்றி மாட்டியதில் அது நாலு மில்லிமீட்டர் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டது. எந்திரத்துக்கு அது தெரியாது. நூறு, நூறு என்றே எழுதிக்கொண்டிருந்தது. மெஷின் அண்ணன் கண்டுபிடித்துச் சொன்னார். கம்பெனி ஆளைக் கூப்பிட்டால் அவன் குறையை அறிக்கையில் எழுதுவான். அது ஆய்வுக்கூடத்துக்குத் தரச் சான்றிதழ் வரவேண்டிய மாதம். 'அளவு சரிபார்க்கப்பட்டது, குறையேதும் இல்லை' என்ற தாளில் இயக்குநர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார்.

"போட்ட கையெழுத்தை எப்படிய்யா திரும்ப எடுக்கறது?" என்று அவர் கேட்டார். அதற்கு அண்ணனிடம் கருவி இல்லை.

ஆகவே ஒரு சீட்டு எழுதி, கணினித் திரையின் ஓரத்தில் ஒட்டினார்: 'நாலு கூட்டிக்கொள்ளவும்.'

முதல் வருடம் அது குறையாக இருந்தது. இரண்டாம் வருடம் வழக்கமாயிற்று. அப்புறம் ஒழுக்கமாகிவிட்டது. புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள்: செருப்பை வெளியே விடு, கைபேசியை அணை, நாலு கூட்டு. உப்புவே மூன்று பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். வருடா வருடம் இயக்குநர் அதே தாளில் தேதியை மட்டும் மாற்றிக் கையெழுத்திட்டார். திறப்பு விழாவுக்கு முன்னால், "விருந்தினர் வர்ற இடத்துல என்ன இது, பெட்டிக்கடை மாதிரி?" என்று அறையிலிருந்த சீட்டுகளையெல்லாம் உரிக்கச் சொன்னார். உரித்தார்கள். யாருக்கும் நஷ்டமில்லை, எல்லாருக்கும் மனப்பாடம்.

களஞ்சியத்தின் படிவத்தில் 'தொகுப்பைப் பற்றிய குறிப்புகள்' என்று ஒரு கட்டம் இருந்தது. இருநூற்றுப் பதினோரு தடவையும் உப்பு அதில் 'இல்லை' என்று அடித்திருந்தாள்.

அவள் அக்கா ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். அன்று சாயங்காலம், காய்ந்த துணிகளை இருவரும் மடித்துக்கொண்டிருந்தபோது உப்பு விஷயத்தைச் சொன்னாள். அக்கா ஒரு தலையணை உறையைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

"ஆறு வருஷமா?"

"ம்."

"மெஷின் தப்பா காட்டுதுன்னு தெரிஞ்சே?"

"தப்பா காட்டினா என்னக்கா, நாங்கதான் சரி பண்ணிக்கறோமே."

"அது சரி. எங்க மெஷின் சர்க்கரைய நாப்பது கம்மியா காட்டுச்சுன்னு வை. நான் நோயாளி காதுல போய், 'நாப்பது கூட்டிக்குங்க, வெளிய சொல்லாதீங்க'ன்னா எப்படி இருக்கும்?"

"கிண்டல் பண்ணாத. என் டிகிரி போகப்போகுது."

"யாருடி கிண்டல் பண்றா? எங்க லேப்ல பத்தாவது படிச்ச பையன் கூட நோட்ல எழுதிவச்சிட்டுத்தான் கைவைப்பான். நீங்கள்ளாம் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கறவங்க." உறையை உதறி மடித்தாள். "எழுதிப் போட்டுடு. இதான் நடந்துச்சு, இதனால நாலு கூட்டினோம்னு. அவ்வளவுதானே?"

அவ்வளவுதான் என்றுதான் உப்பும் நினைத்தாள். மறுநாள் காலை இயக்குநரின் அறைக்குப் போகும்வரை.

இயக்குநர் கடிதத்தை அச்செடுத்து வைத்திருந்தார். மெஷின் அண்ணன் முன்னமே வந்து சுவரோரம் நின்றிருந்தார். ஆறு வருடமாக இயக்குநருக்குப் பழுது பார்த்துக் கொடுத்தவர், அவர் முன்னால் இன்னும் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

"இவன் யாரும்மா?"

"தெரியாது சார். நீங்க கேள்வி கேக்கச் சொன்னீங்க, கேக்கறாரு."

"கேக்கறதுன்னா ஒரு முறை இருக்கு. பாராட்டிட்டுக் கேக்கணும்." தாளைக் கவிழ்த்து வைத்தார். "சரி, பண்ண வேண்டியது ரொம்பச் சின்ன வேலை. எல்லாப் படத்தோட தலைப்புலயும் நூறை நூத்தி நாலா மாத்திடு. இருநூத்திப் பதினொண்ணும். 'கோப்பு வடிவம் மேம்படுத்தப்பட்டது'ன்னு போட்டு மறுபடி ஏத்திடு. பாஸ்வேர்டு உன்கிட்டதானே இருக்கு?"

"மூலப் படத்தைத் திருத்தறதா சார்?"

"திருத்தறதில்லம்மா. தெளிவாக்கறது. உண்மையான தூரம் எவ்வளவு?"

"நூத்தி நாலு."

"அதைத்தானே எழுதச் சொல்றேன்? பொய்யா எழுதச் சொல்றேன்?"

உப்பு அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் தரையைப் பார்த்தார்.

"அவர்கிட்ட பழைய பிரதி இருக்கே சார்."

"ஆரம்பத்துல ஏறினது கோளாறான பிரதி, அவசரப்பட்டு எடுத்துட்டீங்கன்னு நானே அன்பா எழுதறேன். தேர்வாளருக்கும் நானே பேசறேன். இருபத்திரண்டாம் தேதி உனக்குத் தேர்வு நடக்கும், முதல் தேதி நீ வேலைல இருப்ப." குரலைத் தாழ்த்தினார், மைக் இல்லாதபோது அவருக்கு அது அபூர்வம். "இல்ல, விளக்கம்தான் எழுதுவேன்னா எழுது. விசாரணைக் குழு வைக்கணும். நான்தான் தலைவர். குழு கூடவே மூணு மாசம் ஆகும். எனக்கு எத்தனை கூட்டம் இருக்குன்னு உனக்கே தெரியும்."

வெளியே வந்ததும் அண்ணன் சொன்னார்: "பண்ணிடு உப்பு. பொய்ய நிஜமாக்கத்தானே சொல்றாரு. இந்த ஆறு வருஷத்துல அவரு சொன்னதுலயே நேர்மையான வேலை இதுதான்."

"நீங்க ஏண்ணே உள்ள வாயே திறக்கல?"

"திறந்தா, சீட்டு யார் எழுதினதுன்னு வரும். எழுதினவன் நான். சான்றிதழ்ல இருக்கறது அவர் கையெழுத்து, சீட்டுல இருந்தது என் கையெழுத்து. எது ஜெயிக்கும்னு நினைக்கற?"

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. அந்த நியாயத்தின் துணையோடு அவள் கணினி நிரல் எழுத உட்கார்ந்தாள். நூறு என்று இருக்குமிடத்தில் நூற்று நாலு. ஒன்பது வரி. ஓட்டினால் மூன்றே நிமிடத்தில் ஆறு வருடம் சரியாகிவிடும்.

ஓட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளத் தோன்றியது. அது அவளுக்கு நல்ல பழக்கமா கெட்ட பழக்கமா என்று பின்னால் பலமுறை யோசித்துப் பார்த்தாள். யாரோ சொன்ன நாலை நம்பாமல், படங்களே என்ன சொல்கின்றன என்று பார்க்க ஒரு வழி இருந்தது. படிகத்தைக் கடுங்குளிரில் வைத்துத்தான் படமெடுப்பார்கள். கை தவறினால் காற்றின் ஈரம் அதன்மேல் உறைந்து, படத்தில் பனியின் வளையம் விழும். மாணவர்கள் வெட்கப்பட்டு மறைக்கிற விஷயம் அது. வளையம் விழுந்த படங்களைக் கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கிவிடுவார்கள். ஆனால் மூலப் படங்கள் என்றால் எல்லாமும்தான். ஒதுக்கியவையும் களஞ்சியத்தில் இருந்தன. பனியின் உள்ளளவு உலகம் முழுக்க ஒன்றுதான். அது எந்த இயக்குநருக்கும் கீழே வேலை பார்ப்பதில்லை. வளையம் தட்டில் எங்கே விழுந்திருக்கிறது என்று அளந்தால் தட்டு எவ்வளவு தூரத்தில் நின்றது என்று சொல்லிவிடலாம்.

முதல் நான்கு வருடத்துப் படங்களில், பனி இருந்த இடத்திலெல்லாம், விடை நூற்று நாலு. சுத்தமாக நூற்று நாலு. அண்ணன் கெட்டிக்காரர்.

கடைசி இரண்டு வருடத்துப் படங்களில் நூற்றொன்றரை.

மறுபடி அளந்தாள். வேறு தொகுப்பில் அளந்தாள். தன்னுடையதில் அளந்தாள். நூற்றொன்றரை. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தும் அது நூற்றொன்றரையாகவே இருந்தது.

"அண்ணே, ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி தட்டைத் தொட்டீங்களா?"

"நான் தொடலையே." அண்ணன் காதைச் சொறிந்தார். "கண்ணாடி அறைக்கு மாத்தினோமே, அப்பதான். பாக்க வர்றவங்களுக்கு மெஷின் தெரியணும்னு மைக் சொன்னாரே. ஆளுங்க தூக்கிட்டு வந்தாங்க. நான் லீவு. வந்து பாத்தேன், எல்லாம் இருந்தது."

"சீட்டு?"

"சீட்டும் இருந்தது. திரையில ஒட்டினபடியே."

தூக்கி வந்தபோது தட்டு இரண்டரை மில்லிமீட்டர் முன்னால் நகர்ந்திருக்கிறது. சீட்டு நகரவில்லை. இரண்டு வருடமாக எல்லாரும் பயபக்தியோடு தப்பான எண்ணைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். கணக்கு முடிந்ததும் மென்பொருள் மஞ்சள் நிறத்தில் எச்சரித்தது உப்புக்கு நினைவு வந்தது: அணுக்களுக்கு இடையே தூரம் சற்று இழுத்தாற்போல் இருக்கிறது என்று. இயக்குநரிடம் காட்டினாள். "மஞ்சள்தானே? சிவப்பு வந்தா சொல்லு" என்றார். அவளும் சரியென்று வந்துவிட்டாள்.

அப்படியானால் அந்த ஆளின் 60.0 தப்பு. அவளுடைய 62.4-ம் தப்பு. உண்மை 60.9.

இனி அந்த ஒன்பது வரியை ஓட்டினால் தலைப்பும் ஆய்வேடும் ஒன்றோடொன்று அச்சாகப் பொருந்தும். தேர்வு நடக்கும். ஆனால் அண்ணன் சொன்னதுபோல் பொய்யை நிஜமாக்குகிற வேலையாக அது இருக்காது.

அவள் இயக்குநரிடம் போய்ச் சொன்னாள். அவர் மேஜைமேல் இருந்த ஆய்வேட்டின் பிரதியை எடுத்து, முதுகை விரலால் தடவினார்.

"பைண்ட் பண்ணியாச்சேம்மா," என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார். "பொன் எழுத்து வேற."

"எண் தப்பு சார்."

"எவ்வளவு தப்பு?"

"ரெண்டரை சதவீதம்."

"ரெண்டரை சதவீதத்துக்கா இவ்வளவு பேச்சு? நான் விழாவுல எண்ணூறு பேர்னு சொன்னேன், வந்தது முந்நூறு. யாராவது கடிதம் போட்டானா?"

அவளுக்கு, வாயைத் திறந்தால் சிரித்துவிடுவோம் அல்லது அழுதுவிடுவோம் என்றிருந்தது. அந்த அறையில் இரண்டுக்கும் அனுமதி கிடையாது.

நிரலை அழித்தாள். மூலப் படங்களில் ஒன்றையும் தொடாமல், அந்த ஆளின் கேள்விக்குக் கீழே குறிப்பு எழுதினாள். பழுது பார்த்த மாதம், சீட்டு, கண்ணாடி அறை, பனி வளையத்தின் அளவுகள், 60.9. 'நாலு கூட்டச் சொல்லிக் கற்றுக்கொண்டேன். ஏன் என்று கேட்கவில்லை. மற்றவர்களுக்கும் கற்றுக்கொடுத்தேன்' என்ற வரியை இரண்டு முறை நீக்கி மூன்றாம் முறை சேர்த்தாள். சீட்டை எழுதியவர் யாரென்று எழுதவில்லை. சான்றிதழைப் பற்றியும் எழுதவில்லை. சான்றிதழில் தேதிகள் இருக்கின்றன, படிக்கத் தெரிந்தவர்கள் படித்துக்கொள்வார்கள். நண்பகல் பன்னிரண்டரை மணிக்கு அனுப்பினாள். கண்ணாடிக்கு வெளியே ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பிள்ளைகள் வரிசையாக நின்று எந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தேர்வாளருக்குத் தனியாக எழுதினாள்: ஆய்வேட்டைத் திருத்துவதற்காகத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

அந்த ஆராய்ச்சியாளர் மறுநாளே பதில் போட்டார். பனியைத் தானும் அளந்து பார்த்ததாகவும், தன் எண்ணும் தப்பே என்றும், இவ்வளவு வெளிப்படையான விளக்கத்தைத் தன் தொழிலில் கண்டதில்லை என்றும். அதை நாலு பேர் பாராட்டினார்கள். பிறகு நாற்பது பேர். மூன்றாம் நாள் இயக்குநர் கூப்பிட்டனுப்பினார். முகம் மலர்ந்திருந்தது.

"நல்லா எழுதியிருக்கம்மா. ஒரே ஒரு குறை. இது ஆய்வுக்கூடத்தோட நிலைப்பாடு இல்லையா? கீழ உன் பேர் மட்டும் தனியா நிக்குது. என் பேரை முன்னால சேர்த்துடு. அடுத்த மாசம் மாநாட்டுல இதைப் பத்தித்தான் பேசப்போறேன்."

"சேர்த்துடலாம் சார்," என்றாள் உப்பு. "ஆனா கேள்வியெல்லாம் முதல் பேருக்குத்தான் போகும். நேத்து ஒருத்தர், ஆறு வருஷமா அளவு சரிபார்த்ததுன்னு கையெழுத்துப் போட்டது யார்னு கேட்டிருக்காரு."

இயக்குநர் மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

"சேர்க்கிறதுக்கு ஒண்ணும் அவசரம் இல்ல," என்றார்.

இருபத்திரண்டாம் தேதி வந்து போனது. வேலை தருவதாயிருந்த இடத்துக்கு ஆறு மாதம் அவகாசம் கேட்டு எழுதியிருந்தாள். மரியாதையான பதில் வந்தது: அவளுடைய குறிப்பை அங்கே எல்லாரும் படித்தார்களாம், இளைஞர்களுக்கு முன்மாதிரியாம், இடத்துக்கு வேறொருவரை எடுத்துக்கொண்டார்களாம்.

அக்கா அதை வாங்கிப் படித்தாள். "வேற யாரை எடுத்தாங்களாம்?"

"தெரியாது."

"நேரத்துக்குப் பட்டம் வாங்கினவனா இருப்பான்," என்றாள் அக்கா. அப்புறம், "நான்தான் எழுதிப் போடுன்னு சொன்னேன்," என்றாள்.

"நீ சொன்னப்ப எனக்கு அந்த நூத்தொண்ணரை தெரியாதுக்கா. தெரிஞ்சப்பறம் நான்தான் எழுதினேன்."

அக்கா கடிதத்தை மடித்த மடிப்பிலேயே மடித்துக் கொடுத்தாள்.

விசாரணைக் குழு இன்னும் கூடவில்லை. அதற்குள் களஞ்சியத்தை நடத்துகிற வெளி அமைப்பினர் ஒவ்வொரு தொகுப்புக்கும் உண்மைத் தூரத்தைத் தனிப் படிவத்தில் நிரப்பச் சொன்னார்கள். உப்புவும் அண்ணனும் கண்ணாடி அறையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தார்கள். அவள் வளையத்தைத் தேடி அளந்து சொல்வாள். வளையம் இல்லாதவற்றுக்கு, எந்திரத்தை இடம் மாற்றுவதற்கு முன்னா பின்னா என்று தெரிய, அவர் பழைய வேலைக் குறிப்பைப் பார்த்துத் தேதி சொல்வார். நூற்று நாலு. நூற்று நாலு. நூற்றொன்றரை. இப்படியே நூற்றுத் தொண்ணூற்றிரண்டு ஆயின.

மீதிப் பத்தொன்பதும் எந்திரத்தை இடம் மாற்றிய அந்த இரண்டு மாதத்தில் எடுத்தவை. எந்த வாரம் தூக்கினார்கள் என்று யாரும் எழுதி வைத்திருக்கவில்லை. அந்தப் பத்தொன்பதிலும் பனி இல்லை. முன்பிருந்த ஒரு மாணவர் எடுத்தவை. ஆய்வுக்கூடத்திலேயே கை சுத்தமானவர் என்று பெயரெடுத்தவர். ஒரு வளையமில்லை, ஒரு கறையில்லை. கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போன்ற படங்கள். அவற்றில் தட்டு எங்கே நின்றது என்று சொல்ல ஒன்றுமே இல்லை.

"இப்ப என்ன பண்றது?" என்றார் அண்ணன்.

"தெரியலைன்னுதான் போடணும்."

அவள் 'தெரியவில்லை' என்று அடித்தாள். கட்டம் சிவப்பாகி, எண் மட்டுமே ஏற்கப்படும் என்றது.

"நூத்தி நாலுன்னு போட்டுட்டு அடுத்ததுக்குப் போயேன்," என்றார் அண்ணன். சொன்ன வேகத்தில் தானே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

உப்பு படிவத்தை அப்படியே விட்டுவிட்டு, களஞ்சியத்தை நடத்துகிறவர்களுக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தாள்: ஐயா, உங்கள் படிவத்தில் தெரியாது என்று சொல்வதற்கு ஓர் இடம் தேவைப்படுகிறது, எங்களுக்குப் பத்தொன்பது தடவை.